உலகம்மாள் திரும்ப வாங்கிக்கொண்ட புது செல்

இல்லை ராமலிங்கம் சார், நீங்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தென்காசியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என் தங்கச்சி உலகம்மாளைப் பற்றி மைக்கைப் பிடித்து அவ்வளவு நேரம் பேசினீர்கள். அவள் வாங்கிய பட்டம், போன வெளிநாடு, கைக்கு வந்த கேடயம், ஒன்றையும் விடவில்லை. ஆறாம் வகுப்பில் கட்டுரைப் போட்டிக்கு அவள் சோப்பு டப்பா பரிசு வாங்கியதுகூட வந்துவிட்டது. அவள் செய்ததிலேயே பெரிய காரியம் மட்டும் வரவில்லை. நீங்கள் மேடையை விட்டு இறங்கியதும் கேட்டேன். என் காதோரம் குனிந்து, "போனவங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொன்னாப் போதும் அண்ணாச்சி. அந்தப் பேப்பர் வெவகாரம்லாம் இப்ப எதுக்கு?" என்றீர்கள்.

எதுக்கா? நினைவு மலருக்கு என்னிடமும் இரண்டு பக்கம் கேட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான். நீங்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் கைவைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொன்னீர்கள். அண்ணன் தன் படிப்பைத் தியாகம் செய்து தங்கையைப் படிக்கவைத்தார் என்று. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கும் ஒரு நிமிஷம் என்மேலேயே மரியாதை வந்துவிட்டது. ஆனால் அது பொய் சார். எனக்குக் கணக்கு வரவில்லை, விட்டேன். அவளுக்கு வந்தது, படித்தாள். இதில் தியாகம் எங்கே இருக்கிறது? எங்கள் அப்பாவே, "ஒருத்தி படிக்கா, ஒருத்தன் தொலையட்டும்" என்று நிம்மதியாகத்தான் இருந்தார்.

சேதி வந்தது ஒரு காலை நேரத்தில். குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் துண்டும் எண்ணெயும் சீயக்காயும் விற்கிற கடை என்னுடையது. குளிக்கப் போகிறவர்கள் பையையும் துணியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்குச் சாரல் கொஞ்சம் சாய்ந்து அடித்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது நஸ்ரீன். கடையநல்லூர்ப் பெண், தறிக்காரக் குடும்பம், வாப்பா சார்ஜாவில் இருந்தவர். பெங்களூரில் உலகம்மாளிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து, இன்றைக்குத் தானே ஒரு ஆய்வுக்கூடம் நடத்துகிறாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, மேடம் ராத்திரி தூக்கத்துலயே போய்ட்டாங்க."

"அடுத்த வாரம் சாரல் சீசனுக்கு வாரேன்னு சொல்லிருக்காளே" என்றேன். அப்படிச் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை. வருகிறேன் என்று சொன்னவள் வரத்தானே வேண்டும் என்று வாதாடினேன் போலிருக்கிறது. நஸ்ரீன் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கையில் போன், ஒரு கையில் தார்ப்பாய்க் கயிறு. இரண்டில் எதையும் விடத் தோன்றவில்லை.

அவளைத் தெரிந்த உங்களில் பாதிப் பேருக்கு அவள் என்ன வேலை பார்த்தாள் என்று தெரியாது. டாக்டர் என்று பெயருக்கு முன்னால் போட்டதும் இலஞ்சியில் எங்கள் சித்தி முழங்காலைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டாள். உலகு அதைத் தடவிக் கொடுத்துவிட்டு, "சித்தி, நீ சுண்டெலியா இருந்தா உன் மூளையப் பாத்துச் சொல்லிருப்பேன். முழங்காலுக்கு நல்ல டாக்டரா ஒருத்தரப் பாரு" என்றாள். சித்தி அதற்குப் பிறகு அவளிடம் எதையும் காட்டவில்லை.

எனக்கே அது விளங்கியது ரொம்ப நாள் கழித்துத்தான். சீசன் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் வந்து உட்கார்ந்தாள். "ஏட்டி, எலியப் பிடிச்சு அறுக்கதுக்காடி அம்புட்டுப் படிச்ச?" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அவள் கோபப்படவில்லை. அருவியிலிருந்து வருகிற கூட்டத்தைக் காட்டினாள்.

"அங்கன பாரு அண்ணே. துண்டக் கட்டிக்கிட்டு நிக்காங்களே, அதுல போலீஸ்காரர் யாரு, வாழக்கா யாவாரி யாரு?"

"ஈரத்துண்டோட நின்னா எல்லாவனும் ஒண்ணுதான்."

"பெறகு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"எங்கிட்டக் குடுத்த பையத் தொறந்து பாத்தாத் தெரியும்."

"அதத்தான் நானும் செய்யுதேன்" என்றாள்.

சுண்டெலியின் மூளைக்குள் வளைந்த ஒரு பாகம் இருக்கிறதாம். ஹிப்போகேம்பஸ் என்று பெயர். போன வழி, வந்த வழி எல்லாம் அங்கேதான் முதலில் பதியுமாம். அதில் இருக்கிற செல்களில் முக்கால்வாசி அடுத்த செல்லைத் தட்டி எழுப்புகிறவை. மிச்சம் கொஞ்சம், "சத்தம் போடாதே" என்று அடக்குகிறவை. அந்த அடக்குகிற செல்களில் பல வகை உண்டு. வெளியே இருந்து பார்த்தால் எது எந்த வகை என்று பல சமயம் பிடிபடாது. உள்ளே என்ன ரசாயனச் சரக்கு வைத்திருக்கிறது என்று பார்த்தால் ஓரளவுக்குத் தெரிந்துவிடும். ஒரு வகை பார்வால்புமின் என்று ஒன்றை வைத்திருக்கும். அது பெரும்பாலும் பக்கத்துச் செல்லின் கழுத்துப் பக்கமாகப் பிடித்து நிறுத்தும். இன்னொரு வகை சொமாட்டோஸ்டேட்டின் வைத்திருக்கும். அது போய்ப் பிடிப்பது தள்ளி இருக்கிற கிளைகளை.

இந்தப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. நான் பார்வதி, சோமு என்று வைத்துக்கொண்டேன். பார்வதி கழுத்தைப் பிடிப்பாள், சோமு கிளையைப் பிடிப்பான். "அறிவு இருக்கா உனக்கு?" என்று உலகு கத்தினாள். ஆனால் நஸ்ரீன் பிற்பாடு ஒரு உண்மையைச் சொன்னாள். பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் மருந்துக் குப்பிகளின் மேலேயே பார்வதி, சோமு என்று எழுதி ஒட்டியிருந்தார்களாம். ஒட்டியவள் உலகு. இந்தக் குற்றாலத்தில் துண்டு விற்கிறவன் வைத்த பெயரைத் தமிழ் தெரியாத பிள்ளைகளும் சொல்லி வேலை பார்த்திருக்கிறார்கள் சார். இதையும் நீங்கள் மேடையில் சொல்லவில்லை.

ஒருமுறை அங்கே போயிருந்தேன். இருட்டு அறையில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காரவைத்தாள். உள்ளே கறுப்பு வானம் மாதிரி ஒன்று. அதில் பச்சையும் சிவப்புமாகப் பொட்டுப் பொட்டாக மினுங்கியது. நடுவே கைமுறுக்குச் சுற்றின மாதிரி ஒரு வளைவு. பார்க்கப் பார்க்க எனக்கு வாய் ஓயவில்லை. திருவிழாவுக்குச் சீரியல் லைட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது, இதற்கு சர்க்கார் சம்பளமா என்று கேட்டேன். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்குகிறது என்று தலையைப் பிடித்து நகர்த்தினாள். பிறகு பக்கத்தில் நின்ற பிள்ளைகளிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னாள்: "மினுங்குதுன்னு சந்தோசப்படக் கூடாது. எதுக்கு மினுங்குதுன்னு கேக்கணும்."

இனி நீங்கள் மறைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

உலகுவும் நஸ்ரீனும் ஒரு புது வகைச் செல்லைக் கண்டுபிடித்ததாக ஆராய்ச்சிப் பேப்பர் எழுதினார்கள். பார்வதி சரக்கோடு வேறு ஒரு சரக்கையும் சேர்த்து வைத்திருக்கிற, யாரும் அதுவரை சொல்லாத தனிக் கூட்டம். தினசரிகளில் வந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தக்காரர்கள் பிளக்ஸ் வைத்தார்கள். மூளைக்குள் புது செல் கண்ட தென்காசியின் தங்கமகள் என்று போட்டு, அவள் படம், பக்கத்தில் ஒரு எலி. பிளக்ஸ் கடைக்காரனுக்குச் சுண்டெலிப் படம் கிடைக்கவில்லை போலும், பூனையளவுக்கு ஒரு பெருச்சாளியை வைத்துவிட்டான். அது உலகுவின் தோளைத் தொட்டுக்கொண்டு சிரித்தது. நான் போகிற வருகிறவர்களிடமெல்லாம், வலது பக்கம் இருப்பதுதான் என் தங்கச்சி என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அதற்கு அடுத்த வருஷம் கார்த்திகை மாதம். அருவி முழுக்க ஐயப்ப சாமிகள். உலகுவுக்கு மறுநாள் நீங்கள் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா. நஸ்ரீனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அந்தப் பெண் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். கண் சிவந்திருந்தது.

நடந்தது இதுதான். செல்லுக்குள் இருக்கிற சரக்கைக் கண்ணால் பார்க்க முடியாது. முதலில் ஒரு மருந்து ஊற்றுவார்கள். அது அந்தச் சரக்கைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் மினுங்காது. பிறகு இரண்டாம் மருந்து. அதில்தான் நிறம் இருக்கும். அது முதல் மருந்தைத் தேடிப்போய் ஒட்டும். ஒரு நாள் நஸ்ரீன் கவனக்குறைவாக ஒரு மூளைத்துண்டுக்கு முதல் மருந்தை ஊற்ற மறந்துவிட்டாள். இரண்டாவதை மட்டும் ஊற்றினாள். இருட்டாகக் கிடக்கவேண்டிய துண்டு. அதில் அவர்களுடைய புது செல்கள் அதே இடத்தில் அப்படியே மினுங்கின.

அவள் அந்தத் துண்டைக் குப்பையில் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நேராகக் கொண்டுபோய் உலகுவிடம் காட்டினாள்.

"முதல் மருந்தே இல்லாம ரெண்டாவது எதுலட்டி போயி ஒட்டுச்சு?" என்று கேட்டேன். உலகு கடைக்கு வெளியே கையை நீட்டினாள். கறுப்பு வேட்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஆனி மாசத்துல ஒருத்தனுக்குக் கறுப்பு வேட்டி கட்டிவிட்டு, பச்சப் பை வச்சிருக்கவன் பக்கத்துல போயி நில்லுன்னு அனுப்புத. பெறகு இன்னொருத்தன்கிட்ட லைட்டக் குடுத்து, கறுப்பு வேட்டி எங்கன நிக்குதோ அங்கன பிடின்னு சொல்லுத. சரியாப் பிடிப்பான். இப்ப அனுப்பு பாப்போம்."

"கண்ட எடத்துலயும் பிடிப்பான்."

"நாங்க கார்த்திகை மாசத்துல கறுப்பு வேட்டியத் தேடிருக்கோம்ணே."

அவர்களுடைய முதல் மருந்து சுண்டெலியில் செய்தது. இரண்டாம் மருந்து, சுண்டெலியில் செய்தது எங்கே இருக்கிறது என்றுதான் தேடும். சுண்டெலியின் சொந்த ரத்தத்திலும் அதே ஜாதிச் சரக்கு உண்டு. இந்த ஆபத்து அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் ரத்தத்தைக் கழுவி எடுத்துவிட்டு, முதல் மருந்து இல்லாமல் ஒரு துண்டைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அது இருட்டாகவே இருந்திருக்கிறது. ஆனால் சோதித்தது ஊசி போடாத சுண்டெலியில். ஆராய்ச்சி நடந்ததோ மூளைக்குள் ஊசி இறக்கிய சுண்டெலியில். ஊசி பட்ட இடத்தில் அடிபட்ட செல்கள் ரத்தத்துச் சரக்கை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கின்றன. புது வகை என்று அவர்கள் பெயர் வைத்தது அடிபட்ட செல்களுக்கு.

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மாறவில்லை. கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர், சும்மா விட்டுவிடுங்கள், என்றைக்காவது யாராவது திருத்திக்கொள்வார்கள் என்று சொன்னாராம். உலகுவுக்குத் துறைத்தலைவர் பதவி வருகிற நேரம். நஸ்ரீனின் பட்டம் முழுக்க அந்தப் பேப்பரின் மேல்தான் நின்றது. அன்று காலையில்தான் பேப்பரை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்று அதை வெளியிட்ட ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு உலகு எழுதி அனுப்பியிருந்தாள். மறுநாள் மேடையில் என்ன சொல்வது என்பதுதான் மிச்சம்.

அவளைச் சீண்டத்தான் கேட்டேன். "நாளைக்கு ஒரு நாளு பேசாம மாலைய வாங்கிட்டுப் போயேன். இங்கன எவனுக்குப் புரியப்போவுது?"

"புரியாதவங்ககிட்டதான்ணே சரியாச் சொல்லணும். புரிஞ்சவங்க அவங்களே கண்டுபிடிச்சிக்கிடுவாங்க."

பிறகு நஸ்ரீன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு மேடையில உன் பேரச் சொல்லலாமா?"

"எதுக்கு மேடம்?"

"கண்டுபிடிச்சது நீதானே."

"தப்புப் பண்ணதும் நான்தான மேடம்."

"அது நாம ரெண்டு பேரும். கண்டுபிடிச்சது நீ மட்டும்."

நஸ்ரீன் சொல்லுங்க என்று தலையை ஆட்டிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

விழாவை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை சார். மாலையைப் போட்டவரே நீங்கள்தான். அவள் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "புது செல் கண்டுபிடிச்சோம்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அது தப்பு. அப்படி ஒரு செல் கிடையாது. அந்தத் தப்பக் கண்டுபிடிச்சவங்க இங்க உக்காந்திருக்காங்க, கடையநல்லூர் நஸ்ரீன்" என்றாள். எப்படித் தப்பு நடந்தது என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி, கறுப்பு வேட்டியை வைத்தே சொல்லத் தொடங்கினாள். அப்போது நீங்கள் பியூனைக் கூப்பிட்டு மணியடிக்கச் சொன்னீர்கள். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் முகம் அப்படி வேர்த்திருந்தது. ஆனால் மணி அடித்தும் ஒரு பெஞ்சும் எழவில்லை. பிள்ளைகள் முழுசும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே பிளக்ஸை இறக்கச் சொன்னாள். நானே ஏறி அவிழ்த்தேன். நல்ல கனமான சரக்கு, வீணாக்க மனசு வரவில்லை. கடைக்கு மேலே தார்ப்பாயாகப் போட்டுவிட்டேன். எழுத்து உள்பக்கம். அண்ணாந்தால் அவளும் பெருச்சாளியும் தெரிவார்கள். அடுத்த சாரலுக்கு வந்தபோது பார்த்துவிட்டு என்னைத் திட்டினாள். பிறகு மழை ஒழுகாமல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

துறைத்தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. நஸ்ரீனுக்குப் பட்டம் தள்ளிப்போனது, கூடவே கல்யாணமும். ஊரில் கேலிக்குக் குறைவில்லை. சுரண்டையிலிருந்து என் கடைக்குச் சரக்குப் போடுகிறவன் ஒருநாள், "என்ன அண்ணாச்சி, தங்கச்சி கண்டுபிடிச்ச செல்லு செத்துப்போச்சாமே?" என்றான். "அது பொறக்கவே இல்லலே. அதச் சொல்லுததுக்கும் அவதான் வரவேண்டியிருந்துச்சு" என்றேன். கேலி செய்வதில் எனக்குப் போட்டியாக ஒருவன் வருவதா?

நஸ்ரீன் பிறகு அந்த அடிபட்ட செல்களை வைத்தே ஆராய்ச்சியை எழுதினாள். அவை எப்படி வேறொன்றாக வேஷம் கட்டுகின்றன, ஏமாறாமல் இருக்க எந்தச் சுண்டெலியில் சோதிக்க வேண்டும் என்று. இன்றைக்கு அவளிடம் படிக்கிற பிள்ளைகள் அந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு படம்கூட வெளியே காட்ட முடியாது. போனில் சொன்னாள், அந்தச் சோதனைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் உலகம்மாள் சோதனை என்று. மேடம் இருந்தவரைக்கும் அவர் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்களாம். கேடயத்தையெல்லாம் விட்டுத்தள்ளுங்கள் சார். இதைப் போடுங்கள்.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒரு குரல். தப்பு என்று சொல்லும்போது அவள் குரலைத் தாழ்த்த மாட்டாள். டீ கேட்கிற அதே குரலில், "நான் சொன்னது தப்பு" என்பாள். கடையில் சில சமயம் ஆள் மாறிப் பையைக் கொடுத்துவிடுவேன். முன்பெல்லாம் கூட்டத்தின்மேலும் சாரலின்மேலும் பழியைப் போட்டு ஒரு கதை சொல்வேன். இப்போது அவள் குரலில் சொல்லிப் பார்க்கிறேன். வந்தவர் சண்டைக்கு எடுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருக்கும்.

போன சாரலுக்குத் தனியாக வந்திருந்தாள். வெள்ளம் அதிகம் என்று போலீஸ்காரர்கள் குளிக்க விடவில்லை. கடையில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் வயதாகிவிட்டது, தலையில் எண்ணெய் வைத்ததும் அது நன்றாகத் தெரிந்தது. ஆயுசு பூராவும் அவளைக் கேலி மட்டுமே செய்திருக்கிறேன், ஒருதரம் நேராகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"உலகு, அன்னைக்கு அந்த ஸ்கூல் மேடையில மாலையக் கழத்தி வச்சிட்டுப் பேசுனியே" என்று தொடங்கினேன்.

"என்ன கேலிக்கு அடிபோடுத?" என்றாள்.

அதற்குள் விசில் சத்தம் கேட்டது. தடையை எடுத்துவிட்டார்கள். கூட்டம் எழுந்து ஓடியது. அவளும் எழுந்து, கயிற்றில் தொங்கிய புதுத் துண்டு ஒன்றைக் கேட்காமலே உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கேலி இல்லட்டி, நெசமாத்தான். கொஞ்சம் நில்லு."

"குளிக்க விட்டுட்டாம்ணே, வந்து கேக்கேன்."

"அன்னைக்கு உன்னயப் பாத்துக்கிட்டு கீழ உக்காந்திருந்தேம்லா, எனக்கு அப்ப..."

அவள் அதற்குள் பெண்கள் பக்கத்துக் கம்பியைத் தாண்டிவிட்டாள்.